குண்டு விஷயமா அப்பா எழுதுவது

தம்பி,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டுவலி தேவலாம். பிசான நடவு முடிஞ்சிட்டு. வாழைக்குள்ள பன்னி நேத்தும் இறங்கிட்டு. அதையெல்லாம் பொறவு எழுதுதேன்.

உன்னோட .375 அங்குலக் குண்டுத் துப்பாக்கிக்கு எடையை மட்டும் பார்த்துக் குண்டு வாங்காதே. 300 கிரெயின், அதாவது பத்தொன்பதரை கிராம், மூணு வகைப் பெட்டியிலயும் போட்டிருக்கும். சாதாரண மென்மூக்குக் குண்டுல ஈயம் செம்பு உறைக்குள்ள சும்மாதான் உட்கார்ந்திருக்கும். வினாடிக்கு 2,500 அடி வேகத்துல, கிட்டக்க நிக்கிற அந்த ஊர்க் காட்டு எருமையோட தோள் எலும்புல பட்டா உறை வேற, ஈயம் வேறன்னு பிரிஞ்சு சதையிலேயே நின்னுரலாம். அப்போ நெஞ்சுக்கூடு வரைக்கும் போகாது. அடிபட்டது புதருக்குள்ள போய்க் காத்துக் கிடக்கும். நம்ம முண்டந்துறைக் காட்டுமாடுன்னு நினைச்சிராதே.

உறையோட ஈயத்தை ஒட்டவச்சது, இல்ல நடுவுல செம்புத் தடுப்பு வச்சது, இதுல ஒண்ணுதான் முதல் தோட்டா. தோட்டா அடுக்குற மேகசின்ல அதுக்கு அடியில எல்லாம் கெட்டிக் குண்டு. கெட்டி விரியாது, எலும்பை உடைச்சு நேரா போகும். ஆனா மந்தைக்குள்ள அதை முதல்ல சுடாதே, ஒண்ணைத் துளைச்சுப் பின்னால நிக்கிறதையும் காயப்படுத்திரும். முழுச் செம்புக் குண்டுன்னா 270 கிரெயின் போதும். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகி, கூட்டுக்குள்ள வெடிமருந்துக்கு உள்ள இடம் குறையும்.

ரெண்டு வகையும் ஒரே இடத்துல படுதான்னு 50 கஜத்துல மும்மூணு சுட்டுப் பாரு. ரெண்டு அங்குலத்துக்கு மேல விலகினா வேற பெட்டி வாங்கு. தட்டைமூக்குக் கெட்டி நல்லா நேரா போகும், ஆனா சில துப்பாக்கியில மேகசின்ல இருந்து ஏறும்போது முட்டும். ஒவ்வொரு தோட்டாவா ஏத்தி இறக்கு, குழல் ஆளில்லாத பக்கம் பார்த்து இருக்கணும்.

இன்னொண்ணு. பித்தளைக் கூட்டோட வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கிற இடத்துல, கூட்டுலயும் குண்டுலயும் சேர்ந்தாப்ல பேனாவால ஒரு கோடு போடு. ரெண்டு தரம் சுட்டபொறவு மேகசின்ல மிச்சம் இருக்கிறதை எடுத்துப் பாரு. குண்டுல இருக்கிற கோடு கூட்டுக்குள்ள போயிருந்தா, துப்பாக்கி உதைக்கிற அதிர்ச்சியில மேகசின் முன்சுவர்ல இடிச்சுக் குண்டு உள்ள இறங்கியிருக்கு. அழுத்தம் கூடிரும். அதைச் சுடாதே. தோட்டாவை ஜீப்புக் கண்ணாடிக்கு அடியில வெயில்ல வைக்காதே, சூட்டுலயும் அழுத்தம் கூடும்.

போன்ல நீ கேட்டப்போ, "300-ஆ இருந்தா எதையும் போடு"ன்னு சொல்லி வச்சிட்டேன். தப்பு என்னுது. கணக்கு எழுதப் போன பிள்ளை துப்பாக்கி தூக்குதானேங்கிற கோபத்துல, தெரிஞ்ச தொழிலையே தப்பாச் சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டு நீ சாதாரணப் பெட்டியை வாங்கியிருப்பியோன்னு ராத்திரி தூக்கம் வரல. ஆனா இவ்வளவு கேட்டு வாங்கணும்னு உனக்குத் தோணிச்சே, அது சந்தோஷம்தான். கேட்ட பிள்ளை பொறவு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதல்ல ஒட்டவச்ச இல்ல தடுப்பு வச்ச மென்மூக்கு, அடியில கெட்டி. மறந்திராதே.

பெட்டியோட மேல்பக்க எழுத்தைப் படம் எடுத்து அனுப்பு. பேச நேரமில்லாட்டாலும் படம் போதும்.

அப்பா