புதிய கருவியைப் புகுத்தும் முன்: மென்பொருள் குழுக்களின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பத் தலைவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வேலையை எளிதாக்க நீங்கள் தேர்ந்தெடுக்கும் கருவிகளுக்கு, அவை வந்து சேர்ந்த பின்னரும் வரவு செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கருவிகளின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். 1000 மாற்றங்களுக்கு நடுவே எதில் பிழை நுழைந்தது என்று தெரியாமல் தவிக்கும்போது, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் பைசெக்ட் கட்டளை அந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கி, ஏறத்தாழ 10 சோதனைகளில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், முன்பு நான் பணியாற்றிய ஒரு குழுவில், பிழைச் செய்தியில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாலும் அது 9 தானியங்கிச் சோதனைகளைக் கடந்தாக வேண்டியிருந்தது. அவற்றுள் இரண்டு, நிரலில் எக்குறையும் இல்லாதபோதும் அடிக்கடி தோற்கும். தோல்வியைக் காட்டும் சிவப்பைக் கண்டதும் மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்துவது எங்களுக்குக் கைப்பழக்கமாகிப் போனது. ஒரு நாள் அந்தச் சிவப்பு உண்மையாக இருந்தது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் மட்டும் தலைகாட்டும் பிழை அது. மூன்றாம் முறை ஓட்டியபோது பச்சை வந்தது, வெளியிட்டுவிட்டோம். பயனர்களின் பதிவுகள் இரட்டை இரட்டையாகச் சேமிக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகுதான், அந்தச் சோதனை முதலிலேயே எச்சரித்திருந்தது புரிந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கூசுகிறது.

வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் நிரல்களுக்கும் இதே கணக்கு உண்டு. 2016 மார்ச்சில், எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் (npm) களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், வேறு நிரல்கள் வழியே அதைச் சார்ந்திருந்தும் அதன் பெயரையே கேள்விப்பட்டிராத குழுக்களின் பில்டுகளும் (மென்பொருளைத் தொகுத்து உருவாக்கும் ஓட்டங்களும்) உடைந்தன. அரைமணி நேரத்தில் தாமே எழுதிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காக அவர்கள் முன்பின் அறியாத ஒருவரை நம்பியிருந்தார்கள்.

ஆகவே, எந்தப் புதிய கருவிக்கும் ஒப்புதல் தரும் முன், அதைப் பராமரிப்பவர் யார், அவருடைய நேரத்தில் எவ்வளவு அதற்குப் போகும், அது வந்தால் பழைய கருவி எந்தத் தேதியில் விலகும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். பராமரிப்பு நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். இப்போது அது நிரலாளரின் மாலைப் பொழுதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. காரணமின்றித் தோற்கும் சோதனைகளைச் சரிசெய்யவோ நீக்கவோ உங்கள் குழுவுக்கு இந்த மாதமே ஒரு வாரம் கொடுங்கள். புதிய கருவிகளுக்கான கோரிக்கைகள் அதுவரை காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர்