கோவூர் கோயில் குளம்: மழைக்கு முன்பே வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைப் புறநகரில், போரூர்-குன்றத்தூர் சாலையில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் கிராமமாகவே மூச்சுவிடுகிறது கோவூர். இங்குள்ள சுந்தரேஸ்வரர் மீதுதான் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். பந்துவராளி, சஹானா, கரகரப்பிரியா, கல்யாணி, சங்கராபரணம் என ராகத்துக்கு ஒன்று. இதைச் சொல்லும் பலகை ஒன்று சாலையிலிருந்தே தெரியும்படி இருந்தால், பக்கத்தில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குப் போகிறவர்களும் இறங்கிப் பார்ப்பார்கள்.

ஆனால் அவசரம் குளத்துக்குத்தான். இதுபோன்ற புறநகர்க் குளங்கள் மழை பொய்த்து வறண்டுபோவதைவிட, வரத்துக்கால்வாய் அடைபட்டு வறண்டுபோவதே அதிகம். சாலையை ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் கால்வாயின் வாய் பள்ளத்தில் புதைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எனவே செப்டம்பருக்குள் கால்வாயைத் தூர்வாரி, குளத்து வாயில் ஒரு வண்டல் தொட்டியும் இரும்புக் கம்பி வலையும் வைக்க வேண்டும். முதல் மழைநீரில் சாலை எண்ணெயும் குப்பையும் வரும். அதை வெளியே திருப்பிவிட ஒரு பலகை மதகு போதும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஒன்று சேர்ந்தாலும் பாசி படரும், மீன் செத்து மிதக்கும்.

தரைக்கு மட்டும் தயவுசெய்து சிமெண்ட் போடாதீர்கள். போட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்று நின்றுவிடும்.

இப்படிக்கு,
கோவூர்வாசிகள்