ஃபெடரல் பணிக்கு விண்ணப்பித்த மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், காவல் பணியான ஷெரிஃப் அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஐஸ் என்று எல்லோரும் குறிப்பிடும், ஃபெடரல் (மத்திய) அரசின் குடிவரவு மற்றும் சுங்க அமலாக்கத் துறையில் சேர நீ விண்ணப்பித்திருப்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். கேட்டவுடனே நான் தடுத்துவிடுவேன் என்று நீ எண்ணியிருக்கலாம். வயது வந்த பிள்ளையைத் தடுக்கும் உரிமை எனக்கு இல்லை. அந்த வேலையே கூடாது என்பதும் என் கருத்தன்று. எல்லை என்று ஒன்று இருந்தால் அதற்குச் சட்டமும், சட்டத்தை நடைமுறைப்படுத்த ஆட்களும் இருந்தே தீர வேண்டும். கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்தவன் நான். விதிகளைக் கடைப்பிடிப்பவனை ஏமாளி என்று நினைப்பவர்களோடு எனக்கு என்றுமே உடன்பாடு இருந்ததில்லை. ஒபாமா ஆட்சியில், 2012 நிதியாண்டில் மட்டும், 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அன்று வாய் திறக்காத சிலர் இன்று அமலாக்கம் என்பதே அநீதி என்று முழங்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

என் கவலை வேறு. இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவனை, தவறு நேர்ந்த மறுநாள் யார் கேள்வி கேட்க முடியும் என்பதே அந்தக் கவலை. இப்போது உன்னைக் கேட்கப் பலர் இருக்கிறார்கள். நீ போக விரும்பும் இடத்தில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது.

இன்று உன் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கிறது, மார்பில் கேமரா இருக்கிறது. நீ சுட நேர்ந்தால், உன் அலுவலகத்தைச் சாராத புலனாய்வாளர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று நீயே என்னிடம் விளக்கியிருக்கிறாய். கவுன்டியின் அரசு வழக்கறிஞர் கோப்பைப் பார்ப்பார். பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பமோ 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உன் மீதே வழக்குத் தொடரலாம். உள்நாட்டுப் போருக்குப் பின், தெற்கு மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் கொடுமையை உள்ளூர் அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்த நாட்களில், மாநில அதிகாரம் படைத்தவன் ஒரு மனிதரின் அரசமைப்பு உரிமையைப் பறித்தால் அந்த மனிதர் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரலாம் என்று பிறந்த சட்டம் அது. முன்பு இதே போன்ற வழக்கில் தெளிவான தீர்ப்பு இருந்தாலொழிய அதிகாரி தப்பித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பின்னாளில் வகுத்த பாதுகாப்பு விதி அதன் பல்லைப் பெருமளவு பிடுங்கிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது.

ஃபெடரல் அதிகாரிக்கு அந்த 1871 சட்டம் பொருந்தாது. அந்தக் குறையை ஈடுசெய்ய 1971இல் உச்ச நீதிமன்றம் பிவென்ஸ் வழக்கில், ஃபெடரல் அதிகாரி மீதும் வழக்குத் தொடர ஒரு சிறு வழியைத் திறந்துவிட்டது; பின்பு வந்த நீதிபதிகள் அதைக் கொஞ்சங்கொஞ்சமாக அடைத்துவிட்டார்கள். 2010இல் எல்லைக் காவலர் ஒருவர் அமெரிக்க மண்ணில் நின்றபடி, மெக்சிகோ பக்கம் இருந்த 15 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். அவனுடைய பெற்றோர் தொடர்ந்த வழக்கு நடத்தப்படவே முடியாது என்று 2020இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. 2022இல் எக்பர்ட் எதிர் பூல் வழக்கில், தன் சொந்த இடத்தில் எல்லைக் காவலர் ஒருவர் தன்னைத் தரையில் தள்ளியதாகக் குற்றம் சாட்டிய விடுதி உரிமையாளருக்கும் அதே பதில் கிடைத்தது. அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதைக் கவனி. மிஞ்சியிருப்பது அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடரும் வழி. அதில் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) கிடையாது, தவறு செய்தவர் தம் பெயரில் பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

பலப்பிரயோகம் பற்றிய சட்டத்தை நீ பயிற்சியில் படித்திருப்பாய். அதன் பின்னால் இருக்கும் மனிதரை நினைத்துப் பார்த்திருப்பாயா என்று தெரியவில்லை. 1984இல் வட கரோலினாவின் சார்லட் நகரில், சர்க்கரை நோயாளியான டெத்தோர்ன் கிரஹாம் உடலில் சர்க்கரை இறங்குவதை உணர்ந்து ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்கு விரைந்தார். வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே வந்தார். அந்த அவசரமே அங்கிருந்த காவலருக்குச் சந்தேகத்தைத் தந்தது. கைவிலங்கு போட்டார்கள், அவர் நிலையைச் சொல்ல முயன்றதை யாரும் காதில் வாங்கவில்லை, விடுவிக்கப்பட்டபோது அவருடைய கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த வழக்கில்தான் 1989இல், அந்த இடத்தில் நின்ற நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்த்தே பலப்பிரயோகத்தை எடைபோட வேண்டும் என்ற அளவுகோல் பிறந்தது. நொடியில் முடிவெடுக்கும் உன்னைப் போன்றவர்களுக்கு அது தேவையான நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அளவுகோலை யாராவது கையில் எடுத்து அளந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. 2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில், சுட்ட அந்த நொடியை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். ஓடும் காரின் முன்னால் அதிகாரி எதற்காகப் போய் நின்றார் என்பதற்கு எவ்வளவு எடை என்று நீதிமன்றம் அந்த வழக்கில் முடிவு செய்யவில்லை; ஆனாலும் அப்படிக் கேட்டுப் பார்க்க இனி வழியுண்டு. அதைக் கேட்பதற்கு ஒரு விசாரணை வேண்டுமே?

மினியாபொலிஸ் நகரை எடுத்துக்கொள். 2020 மே மாதம், காவலர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தபோது, காவல் துறை வெளியிட்ட முதல் அறிக்கை, காவலர்களோடு இருந்த வேளையில் ஒருவர் மருத்துவக் காரணத்தால் இறந்ததாகவே சொன்னது. பதின்ம வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியில் எடுத்த காணொளி இல்லாவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும். எனினும் அந்தக் கதை அங்கே முடியவில்லை. மாநில அரசு வழக்கு நடத்தியது. அதே நகரின் காவல் துறைத் தலைவரே சாட்சிக் கூண்டில் ஏறி, தம் கீழ் வேலை பார்த்தவர் செய்தது பயிற்சிக்கும் விதிக்கும் புறம்பானது என்று சொன்னார். 2021 ஏப்ரலில் ஜூரி குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்தச் சாட்சியத்தை நானும் அம்மாவும் நேரலையில் பார்த்தோம். ஒரு நிறுவனம் தன் மானத்தைக் காத்துக்கொள்வது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. நீ சீருடை அணிய விரும்பியபோது நான் மறுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே நகரில் 2026 ஜனவரி 7ஆம் நாள் ஐஸ் அதிகாரி ஒருவர் காரில் இருந்த 37 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார். சில மணி நேரத்துக்குள், எந்த விசாரணையும் தொடங்கி முடியும் முன்பே, அந்தப் பெண் செய்தது உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று ஐஸ் அமைப்புக்கு மேலுள்ள உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை அறிவித்தது. கூட்டாக விசாரிக்க முதலில் ஒப்புக்கொண்டிருந்த மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவு பின்னர் வெளியே நிறுத்தப்பட்டது. ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் சிலர் பதவி விலகினார்கள். ஜனவரி 24ஆம் நாள் எல்லைக் காவலர்கள் ஒரு செவிலியரைச் சுட்டுக் கொன்றபோது, மாநிலப் புலனாய்வாளர்கள் நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டோடு வந்தும் அந்த இடத்துக்குள் விடப்படவில்லை. சான்றுகளை அழிக்கக் கூடாது என்று ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சுட்டவர்கள் குற்றவாளிகள் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. அவர்களில் எவராவது நிரபராதி என்றால், அதை நாடு நம்பும்படி நிறுவுவதற்கான ஒரே வழியை அவர்களுடைய மேலிடமே அடைத்துவிட்டது. நாளை அந்த இடத்தில் நீ நின்றால், உன் பக்கம் நியாயம் இருந்தாலும் உன் பெயருக்கு அதே கதிதான்.

ஐஸ் அதிகாரிகள் முகமூடி அணிவதும் எனக்கு ஒப்பவில்லை. அதிகாரிகளின் குடும்பத்தாரின் முகவரியை இணையத்தில் பரப்புகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்பது உண்மையான அச்சம். அப்படிச் செய்பவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கைது செய்யும் குடிவரவு அதிகாரி, பாதுகாப்பாக முடிந்த உடனே தான் யார் என்பதையும், கைதுக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று ஃபெடரல் விதியிலேயே எழுதியிருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு, எண் தெரியாத வண்டியில் வந்து ஒருவரை இழுத்துச் செல்லும்போது, வந்தது அதிகாரியா கடத்தல்காரனா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இதில் வாரண்ட் பற்றிய குழப்பம் வேறு. நீ இப்போது ஒரு வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் கையெழுத்தைத் தேடிப் போகிறாய். குடிவரவு வாரண்டில் கையெழுத்திடுபவர் அதே துறையின் அதிகாரி. குடிவரவு நீதிபதிகள்கூட நீதித் துறை அமைச்சகத்தின் ஊழியர்கள்தாம்.

2025 செப்டம்பர் 8ஆம் நாளை என்னால் மறக்க முடியவில்லை. தோற்றம், பேசும் மொழி அல்லது உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து ஒருவரைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்த தடையை அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பெரும்பான்மையினர் காரணத்தை எழுதவில்லை. இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் என் ஆங்கிலத்தில் தமிழ் ஒலிப்பு போகவில்லை. என் வயதொத்த, என் நிறமுள்ள, என்னைப் போலப் பேசும் ஒருவரை நிறுத்தி ஆவணம் கேட்கும் கை உன்னுடையதாக இருக்கக் கூடும் என்பதை நீ ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை குறைந்தால் வேலை எப்படிக் கெடும் என்பதை நீ என்னைவிட நன்கு அறிவாய். கணவனிடம் அடிபட்ட பெண், போலீசை அழைத்தால் தன்னையே நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்து கதவைத் திறக்க மறுத்ததை நீ வேதனையோடு சொன்னாய் அல்லவா? இந்தப் பயம் புதிதன்று. அதனால்தான் 2000ஆம் ஆண்டிலேயே, கட்சி வேறுபாடின்றி, குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர்களுக்கென யு விசா என்ற ஒன்றை நாடாளுமன்றம் உருவாக்கியது. சட்ட ஆவணம் இல்லாதவரின் நம்பிக்கையும் காவல் துறைக்குத் தேவை என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேருவோருக்கு 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை என்பது வீட்டுக்கடன் சுமக்கும் உனக்குச் சிறிய தொகையில்லை. 2025 ஜூலை 4ஆம் நாள் கையெழுத்தான சட்டம் ஐஸ் அமைப்புக்கு ஏறத்தாழ 7,500 கோடி டாலர் ஒதுக்கியது. வயது வரம்பை எடுத்தார்கள், பயிற்சிக் காலத்தைச் சுருக்கினார்கள், ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2025 மார்ச்சில், அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தையும் தடுப்புக்காவல் குறைதீர் அலுவலகத்தையும் ஏறக்குறைய ஆளில்லாமல் செய்துவிட்டார்கள். ஆயுதம் ஏந்துவோரைப் பெருக்கிக்கொண்டே, புகாரைக் கேட்போரைக் குறைத்தார்கள். உயிர்கள் போன பிறகுதான் மினியாபொலிஸில் பணியாற்றும் அதிகாரிகள் எல்லோருக்கும் உடல் கேமரா தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இன்றைய நிலையில் நீ அங்கே சேர்வதை நான் விரும்பவில்லை. நல்லவர்கள் உள்ளே போனால்தான் மாறும் என்று நீ சொல்வாய். உள்ளே இருக்கும் நல்லவர் தவறைக் கண்டு எழுதினால், அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வெளியே ஒருவர் இருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை.

முடிவு உன்னுடையது. நேர்முகத் தேர்வுக்குப் போனால், நான் சுட நேர்ந்தால் என்னை விசாரிப்பது யார், அதில் மாநிலத்துக்கு இடம் உண்டா என்று கேள். என் பெயரும் எண்ணும் வெளியே தெரியும்படி வேலை செய்ய அனுமதி உண்டா என்று கேள். உடன் பணியாற்றுபவர் வரம்பு மீறினால் நான் யாருக்கு எழுத வேண்டும், அந்த அலுவலகத்தில் இன்று எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள். பதில்களை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. உன் மீது கோபமின்றி, நிதானமாகப் படிக்கிறேன். அவை உனக்கும் எனக்கும் மன நிறைவு தருவதாக இருந்தால், நீ உறுதிமொழி ஏற்கும் நாளில் நானும் அம்மாவும் வந்து நிற்போம். அதுவரை ஷெரிஃப் அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா