ட்ரைகிளிசரைடு ஏறினதுக்கு எண்ணெய்ச் சட்டியை மட்டும் திட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல, ரத்தத்துல ஓடுற கொழுப்பான ட்ரைகிளிசரைடு பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. எண்ணெய், நெய், தேங்காய் மூணையும் ஒதுக்கிட்டா போதும், நம்பர் தானா இறங்கிடும்னு போட்டிருந்தீங்க. நான் ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியனா இருக்குறவ. "எண்ணெயே தொடுறதில்லக்கா, தாளிக்கக்கூட ரெண்டு சொட்டுதான், இருந்தும் 280 காட்டுதே, உங்க மெஷின் சரியா இருக்கா"ன்னு ரிப்போர்ட்டும் கையுமா வந்து நிக்குறவங்கள நான் அடிக்கடி பாக்குறேன். மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்க கட்டுரைதான் பாதியோட நின்னுடுச்சு, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த நம்பர் எப்படி வருதுன்னு சொல்றேன், ஏன்னா இதைக் கேட்டா நிறைய பேர் ஆச்சரியப்படுறாங்க. ட்ரைகிளிசரைடு டெஸ்ட்ல நாங்க அளக்குறது கிளிசரினை. ஆமா, சீரியல்ல அழுறதுக்குக் கண்ணுல விடுவாங்கன்னு சொல்வாங்களே அதே கிளிசரின்தான். ரத்தத்தைச் சுத்தவிட்டு மேல தெளியுற சீரத்தை எடுத்து ரீஏஜென்ட்ங்கிற சோதனை ரசாயனத்தைச் சேர்ப்போம், அதுல இருக்குற லைப்பேஸ் என்சைம் கொழுப்பை வெட்டி கிளிசரினைத் தனியா விடும், அடுத்த என்சைம் அதுல ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அதுக்கு அடுத்தது அதை ஆக்சிஜனோட வினைபுரிய வச்சு ஹைட்ரஜன் பெராக்சைடு வரவைக்கும், கடைசியில அந்த பெராக்சைடாலதான் டியூப்ல ரோஸ் கலர் ஏறும். கலர் எவ்வளவு அடர்த்தியோ நம்பர் அவ்வளவு. அதனாலதான் விரல்ல குத்தி எடுக்குற டெஸ்ட்டுக்கு வர்றவங்க ஹேண்ட் கிரீம் தடவிட்டு வந்தா நம்பர் சும்மாவே எகிறும், கிரீம்ல கிளிசரின் இருக்குமே. சானிடைசர் கதையும் அதேதான், உலக சுகாதார நிறுவனம் குடுத்த ஃபார்முலாவுலயே 1.45% கிளிசரின் உண்டு. கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுட்டு அப்புறம் குத்தச் சொல்லுங்க.

நிஜமாவே ரொம்ப ஏறிப்போன ரத்தத்துக்கு மெஷினே வேண்டாம், கண்ணாலயே தெரியும். சாதாரணமா சீரம் வெளிர் மஞ்சளா, டியூப்புக்குப் பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து தெரியுற மாதிரி இருக்கும். இது பால் மாதிரி வெள்ளையா நிக்கும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சா சில சாம்பிள்ல மேல ஆடைகூட கட்டும், சாப்பாட்டுக் கொழுப்பைத் தூக்கிட்டு வர்ற கைலோமைக்ரான் மிதந்து வந்து நிக்குறதுதான் அது.

சரி கெமிஸ்ட்ரிக்கு வருவோம். கிளிசரின்ங்கிறது மூணு கார்பன் வச்ச சின்ன மூலக்கூறு, ஒவ்வொரு கார்பன்லயும் ஒரு ஹைட்ராக்சில். மூணு கொக்கி வச்ச ஹேங்கர்னு வச்சுக்கோங்க, அதுல மூணு கொழுப்பு அமிலம் தொங்கினா அதுதான் ட்ரைகிளிசரைடு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய், நம்ம தொப்பை எல்லாத்துலயும் இருக்குறது பெரும்பாலும் இதுதான், தொங்குற அமிலம்தான் வேற வேற. 1779ல ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோட காய்ச்சி இந்தக் கிளிசரினைப் பிரிச்சார், கொழுப்புன்னாலே கிளிசரினும் அமிலமும் சேர்ந்ததுதான்னு நிரூபிச்சது பிரான்ஸோட ஷெவ்ரல், 1823ல புத்தகமே போட்டார். (மனுஷன் 102 வயசு வரைக்கும் இருந்தார், கொழுப்பை ஆராய்ச்சி பண்ணினவருக்குக் கொழுப்பு ஒண்ணும் பண்ணல போல!) சோப்பு காய்ச்சுறப்ப காஸ்டிக் சோடா பண்றதும் இந்தக் கொக்கியைக் கழட்டுற வேலைதான், அமிலம் சோப்பாப் போகுது, கிளிசரின் மிச்சம்.

இப்ப உங்க கட்டுரை விட்ட இடம். நம்ம கொழுப்பு செல்லுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. கொழுப்பை உடைச்சா வெளிய வர்ற கிளிசரினை அதால திரும்பப் பயன்படுத்திக்க முடியாதுன்னே சொல்லலாம், அதுக்கு வேண்டிய கிளிசரால் கைனேஸ் என்சைம் அந்த செல்லுல இல்லாத மாதிரிதான். அதனால புதுசா கொழுப்பு கட்டணும்னா கொக்கியை, அதாவது கிளிசரின் பாகத்தை, புதுசா செஞ்சாகணும், சாப்பிட்டு முடிச்ச நேரத்துல அதுக்கு வர்ற சரக்கு குளுக்கோஸ், அதாவது நம்ம சோறு, இட்லி, சீனி. கல்லீரல் இன்னும் ஒரு படி மேல, செலவாகாத மாவுச்சத்தையும் சீனியையும் எடுத்து கொக்கியையும் செய்யும், அதுல மாட்டுற அமிலத்தையும் அதே செஞ்சு, கோத்து பேக் பண்ணி ரத்தத்துல அனுப்பிடும். அந்த வழியில ஒரு சொட்டு எண்ணெய் தேவையில்ல! காலையில அஞ்சு இட்லி, மத்தியானம் தட்டு நிறைய சோறு, நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் மூணு ஸ்பூன் சீனி, சாயந்திரம் எண்ணெய் இல்லாத பிஸ்கட்டுன்னு பெருமையா ஒரு பாக்கெட், அப்புறம் ட்ரைகிளிசரைடு ஏன் இறங்கலன்னு கேட்டா என்ன சொல்றது. குடிக்கிறவங்களுக்கு இன்னும் மோசம், சாராயத்தைச் சமாளிக்கிற வேலையில கல்லீரல் கொழுப்பை எரிக்கிறதை நிறுத்திடும், அதே சமயத்துல கொக்கி செய்யுற வேகம் கூடிடும். தைராய்டு குறைவு, கட்டுப்பாடு இல்லாத சுகர், பரம்பரை, இதெல்லாமும் காரணமா இருக்கலாம், அதை டாக்டர்தான் பாக்கணும்.

இது என் ஊகம் இல்ல. 2014ல வந்த, ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இண்டியாப்ங்கிற சுகர் நோய் ஆய்வுல தமிழ்நாடும் ஒரு மாநிலம், அதுல கொலஸ்ட்ரால் கூடினவங்க 13.9%, ட்ரைகிளிசரைடு கூடினவங்க 29.5%, ரெண்டு மடங்குக்கும் மேல. 2025ல அதே குழு வெளியிட்ட உணவு ஆய்வுல இந்தியர்களோட கலோரியில 62% மாவுச்சத்துல இருந்து வருதுன்னு சொன்னாங்க. இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அதுக்காக எண்ணெயில குளிங்கன்னு சொல்ல வரல. கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கு 4தான், கணக்கு பாக்கத்தான் வேணும். வனஸ்பதி மாதிரி ஹைட்ரஜன் ஏத்தின கொழுப்புல வர்ற ட்ரான்ஸ் ஃபேட்டை 2%க்குள்ள வைக்கணும்னு 2022 ஜனவரியில இருந்து சட்டமே இருக்கு. ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டினவங்க எல்லாக் கொழுப்பையும் உடனே குறைச்சே ஆகணும், இல்லன்னா கணையம் வீங்குற ஆபத்து உண்டு, அவங்களுக்கு உங்க கட்டுரை சொன்னது சரி. ஆனா 200, 300ல இருக்குறவங்களுக்கு நல்ல டோஸ்ல மீன் எண்ணெய் குடுத்தா நம்பர் இறங்குது, அதுவும் கொழுப்புதானே? அப்புறம் எண்ணெய் பாக்கெட்ல "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு பெரிசா அச்சடிக்கிறது, அட, செடியில இருந்து வர்ற எண்ணெய்ல சொல்லிக்கிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் எப்பங்க இருந்துச்சு?

கிளிசரின் வில்லனும் இல்ல. ராப்பட்டினியில கொழுப்பு உடைஞ்சு வர்ற கிளிசரினைக் கல்லீரல் குளுக்கோஸா மாத்தி மூளைக்கு அனுப்புது, கொழுப்பு அமிலத்தை அப்படி மாத்த நம்ம உடம்பால முடியாது. கொக்கியில மூணாவது இடத்துல அமிலத்துக்குப் பதிலா பாஸ்பேட் மாட்டினா அது பாஸ்போலிப்பிட், நம்ம ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்குற சவ்வும் பெரும்பாலும் அதுதான். குறைமாசத்துல பொறக்குற குழந்தை மூச்சு விடத் திணறுறதுக்கு முக்கியமான காரணம் நுரையீரலோட காத்துப் பை சுருங்கி ஒட்டிக்காம பாத்துக்குற சர்ஃபாக்டன்ட் போதாதது, என்ஐசியூல (பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) குழாய் வழியா குடுக்குறாங்களே அந்த மருந்துல முக்கியமா இருக்குறதும் இந்த வகைக் கொழுப்புதான்.

ஆகவே ஐயா, அடுத்த தடவை இந்த விஷயத்தைப் போடுறப்ப சோறு, சீனி, சாராயம் மூணையும் எண்ணெய்க்கு மேல முதல் வரியில போடுங்க. டெஸ்ட்டுக்கு 10, 12 மணி நேரம் வெறும் வயித்துல வரச் சொன்னா தண்ணி குடிக்கலாம், சீனி போட்ட டீ கூடாதுன்னும் ஒரு வரி சேத்துக்குங்க, "டீதானேக்கா குடிச்சேன்"னு வர்றவங்களை வாரத்துக்கு எத்தனை தடவைதான் திருப்பி அனுப்புறது.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருத்தி,
திருநெல்வேலி