இரவல் தரும் பாஸ் கிட்டாரை வாசிக்கிற நிலையில் தாருங்கள்: சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பாஸ் கிட்டார்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்களுக்கு வணக்கம்.

இதை எழுதும் நாங்கள் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களில் டபுள் பாஸ் வாசிப்பவர்கள். பாஸ் கிட்டார் எங்கள் முதல் வாத்தியம் அல்ல. ஆனால் பெர்ன்ஸ்டைனின் ‘மாஸ்’ (1971), ஷ்னிட்கேயின் ‘ரெக்வியம்’ (1975) போன்றவை நிகழ்ச்சியில் வந்தாலும், திரையில் படம் ஓட ஓட அதன் இசையை மேடையில் வாசிக்கும் வாரம் வந்தாலும், எங்களில் ஒருவர் மடிக்கு அது வந்து சேரும். அப்போது உங்களில் சிலர் பெரிய மனதோடு 1960களின் கருவியை இரவல் தருகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் வருவது பெரும்பாலும் பார்க்கிற நிலையில்தான் வருகிறது, வாசிக்கிற நிலையில் இல்லை.

ஆர்கெஸ்ட்ராவில் ஒரு நிகழ்ச்சிக்குப் பொதுவாக மூன்று நான்கு ஒத்திகைகள்தான், ஒவ்வொன்றும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது கேபிள் செருகும் ஜாக் கரகரத்தால் கண்டக்டர் ஒருமுறை பொறுப்பார். மறுமுறை, அந்தப் பகுதியை டபுள் பாஸிலேயே வாசித்துவிடுங்கள் என்பார். உங்கள் கருவி மூன்று நாளும் பெட்டியிலேயே கிடக்கும்.

முதலில் கழுத்து. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 80 கிலோ. பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் தந்திகளை மாதக்கணக்கில் தளர்த்தி வைக்கிறீர்கள். இழுக்க ஆள் இல்லாததால், உள்ளே இறுகியிருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி கழுத்தைப் பின்பக்கம் வளைத்துவிடுகிறது. ஒத்திகைக்கு முந்தின இரவு சுருதி ஏற்றினால் அது ஒரே நாளில் நேராகாது. நகர்ந்துகொண்டே இருக்கும், சுருதியும் கூடவே நகரும். ஆகவே அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே முழுச் சுருதியில் ஏற்றி அப்படியே விடுங்கள். ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் நிற்பதா, 442-இல் நிற்பதா என்று எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவுதான், ஆனால் சுருதி சேர்க்க ஓபோ என்ற குழல் வாத்தியம் கொடுக்கும் ஏ-வோடு சேரும்போது கேட்கும்.

சரிபார்க்க: தடித்த ஈ தந்தியை முதல் பிரெட்டிலும் (பிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி பிரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் பிரெட் அருகே தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், அதாவது சுமார் 0.3 மி.மீ. கார்டு தந்தியைத் தூக்கினால் கழுத்து பின்வளைந்திருக்கிறது; உள்ளே ஆடினால் முன்வளைந்திருக்கிறது. திருத்துவதானால் ஒரு நேரத்தில் கால் சுற்றுதான், பிறகு ஒரு நாள் பொறுங்கள். பழைய ஃபெண்டர் நிறுவனக் கருவிகளில் ராடைத் திருகும் நட்டு கழுத்தின் அடிமுனையில் இருப்பதால் கழுத்தைக் கழற்ற வேண்டிவரும். நட்டு அசைய மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1980களின் தொடக்கம் வரை வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனக் கருவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அவற்றில் இரட்டை ராட். கழுத்தைக் கையால் வேண்டிய நிலைக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நட்டுகளை இறுக்க வேண்டும். நட்டைத் திருகியே கழுத்தை வளைக்கப் பார்த்தால் பிங்கர்போர்டு (விரல் அழுத்தும் மேற்பலகை) கழுத்து மரத்தைவிட்டு எழும்பிவிடும். அந்த நிறுவனத்தின் நல்ல 4001 மாடல்கள் சில இப்படித்தான் பாழாகின.

பன்னிரண்டாம் பிரெட்டில் தந்தியின் உயரம் ஈ பக்கம் இரண்டரை மி.மீ.க்குள் இருக்கட்டும். டபுள் பாஸில் எங்கள் தந்தி நீளம் சுமார் 105 செ.மீ.; ஃபெண்டரில் 86. அதனால் இடது கைக்கு இது எளிது என்று நினைப்பீர்கள். ஆனால் எங்கள் விரல்கள் 1-2-4 (ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்) என்ற பழக்கத்தில் ஊறியவை. பிரெட்டுக்கு ஒரு விரல் என்பது வேறு தசைக்கு வேலை. மூன்று மணி நேரம் வில் பிடித்த வலது மணிக்கட்டு வேறு, கிட்டாரின் விளிம்பில் மடங்கி நிற்கும். தந்தி உயரமாக இருந்தால் வலி வீட்டுக்கும் வந்து மறுநாள் வில்லில் தெரியும்.

தந்தி விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. 1960களின் ஒலி வேண்டுமென்றால் பிளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய தந்தி), பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டு. ஆனால் ‘ஒரிஜினல்’ என்பதற்காக நாற்பது ஆண்டுப் பழைய தந்தியோடு அனுப்பாதீர்கள். ஒலி இனிமையாகத்தான் இருக்கும், ஏழாம் பிரெட்டுக்கு மேலே சுருதி பொய் சொல்லும். புதியதை மாட்டுங்கள், பழையதைச் சுருட்டி உறையில் வையுங்கள். தடித்த தந்தி கழுத்தின் தலைமுனையில் தந்தி தங்கும் நட் பள்ளத்தில் இறங்கவில்லை என்றால் பள்ளத்தை அரத்தால் ராவ வேண்டாம், மெல்லிய செட் வாங்குங்கள். அரம் போட்டதைத் திரும்ப ஒட்ட முடியாது.

மின்பகுதியில் நீங்கள் சொல்வது சரி: ஈயப்பற்றைத் தொடக்கூடாது. குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் முதுகில் 137 6432 என்று இருந்தால் அது சிடிஎஸ் நிறுவனம் 1964இன் 32ஆம் வாரம் செய்தது. 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். (அது ‘பாட்’டின் வயது, கிட்டாரின் வயது அல்ல என்பதைச் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்காது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.) கரகரப்புக்குப் ‘பாட்’டை மாற்ற வேண்டியதில்லை. ‘பாட்’டுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரில் இரண்டு துளி விட்டு, குமிழை முனைக்கு முனை இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். ஜாக்கில் தொடர்பு விட்டுவிட்டு வந்தால், நாக்குப் போன்ற தகட்டை விரல் நுனியால் இம்மி உள்ளே வளைத்தால் போதும்.

எதை அனுப்புவது என்று கேட்டால், 1957க்குப் பிந்தைய ஃபெண்டர் பிரிசிஷன் மாடல் என்போம். இரண்டாகப் பிளவுபட்ட பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஹம் என்ற இரைச்சலைத் தானே அடக்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஒற்றைச் சுருள் பிரிசிஷன் அரியதுதான், ஆனால் மேடை விளக்குகளின் டிம்மர் பக்கத்தில் தேனீக் கூடு போல இரையும். ஃபெண்டரின் ஜாஸ் பாஸ் மாடலில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் அமைதி, ஒன்றைக் குறைத்தால் ஹம் கிளம்பும். ஸ்டிங்ரே மாடல் அனுப்பினால் 9 வோல்ட் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு அனுப்புங்கள், உள்ளேயே கசிந்தவை போதும்.

ஆம்ப் (ஒலிபெருக்கி) வேண்டவே வேண்டாம். ‘அந்தக் கிட்டாருக்கு அந்த ஆம்ப்தான் ஜோடி’ என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது எங்கள் பக்கத்து ஸ்டூல்காரரின் காதுக்கு அரை மீட்டர் தள்ளி நிற்கும். ஐரோப்பியச் சட்டம் வேலையிடத்தில் ஒரு நாளின் சராசரி ஒலி 85 டெசிபெலை எட்டினாலே காதுக்கவசம் கட்டாயம் என்கிறது. கிட்டாரை நேரே அரங்கின் ஒலி அமைப்போடு இணைக்கும் டிஐ பெட்டி (உள்ளீட்டு மின்தடை ஒரு மெகாஓம்) எங்களிடம் உண்டு.

ஸ்ட்ராப் பொத்தான்களைக் கட்டாயம் பாருங்கள். டபுள் பாஸிலிருந்து கிட்டாருக்கு மாற எட்டு பார் ஓய்வு கிடைத்தால் அதிர்ஷ்டம். 120 வேகத்தில் அது 16 விநாடி. அதற்குள் வில்லை உறையில் செருகி, பெரிய வாத்தியத்தைச் சாய்த்து, நான்கு கிலோ கிட்டாரைத் தூக்கி, ஒலியை அடைத்து வைத்திருக்கும் கால் பெடலின் மியூட்டை எடுக்க வேண்டும். ஆடும் திருகு அந்த நொடியில்தான் கழன்று வரும். துளைக்குள் மெல்லிய மரச்சீவலும் துளி மரப்பசையும் வைத்து இறுக்குங்கள்.

கருவியை நாங்கள் எப்படி வைத்திருப்போம் என்று நீங்களும் கேட்கலாம். கையில் ஒட்டியிருக்கும் ரோசின் பொடியை உலர்ந்த பருத்தித் துணியில் துடைத்துவிட்டே தொடுவோம். ரப்பர் முனை ஸ்டாண்டுகள் பழைய கருவிகளின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கரைத்துத் தடம் பதிக்கும் என்பதால் அவற்றுக்குத் துணி சுற்றுவோம். குளிரிலிருந்து வந்த பெட்டியை ஒரு மணி நேரம் கழித்தே திறப்போம். உடனே திறந்தால் பூச்சு வெடிக்கும். பதிலுக்கு ஒன்று: 1960களின் முற்பகுதி செல்லுலாய்டு பிக்கார்டு (கிட்டார் முகப்பைக் காக்கும் தகடு) சுருங்குவதோடு நிற்பதில்லை, அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் திருகுகளையும் பிக்கப்பையும் அரிக்கும். மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பயணமென்றால் பிங்கர்போர்டு என்ன மரம் என்று எழுத்தில் வேண்டும். ஈட்டி (ரோஸ்வுட்) வகை மரங்களில் செய்து முடித்த கருவிகளுக்கு, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2019இல் விலக்கு அளித்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அது பொருந்தாது. 1992 முதல் அது அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது, 1960களின் முற்பகுதி ஃபெண்டர் கழுத்துகள் பலவற்றில் இருப்பதும் அதுதான். 1992க்கு முன்பே செய்ததென்று காட்டும் தாள்கள் இல்லாவிட்டால் கருவி சுங்கத்தில் நின்றுவிடும். அப்படி ஒன்று இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மேப்பிள் பிங்கர்போர்டு உள்ளதை அனுப்புங்கள். வாசலிலிருந்து வாசல் வரை, ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பு. அந்தத் தாள் கைக்கு வராமல் கருவியைக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு குறிப்பு இருக்கும்: எத்தனை மணி நேரம் வாசித்தோம், எந்தச் சுருதியில் இருந்தது, எதைத் தொட்டோம் என்று. அதைப் படித்துவிட்டுத் தந்திகளை மட்டும் தளர்த்தாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
டபுள் பாஸ் வரிசையிலிருந்து சிலர்