பால் பில் கொடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. நன்றிக்கென்று பதிப்பாளர் ஒதுக்கியது அரைப் பக்கம். பெயர்களை அடுக்கலாம், யார் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, எனக்கு உதவியவர்களில் பாதிப் பேர் "என் பேரைப் போட்டுடாதம்மா" என்று கண்டிப்பாகச் சொன்னவர்கள். அதனால்தான் இந்த மடல், அதுவும் பெயர்கள் இல்லாமல்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாவட்டத் தலைநகர், அங்கே அரசு மானியத்தில் நடக்கும் பெண் குழந்தைகள் காப்பகம். உள்ளே நடக்கிற கொடுமையையும், அதற்குக் காவல் நிற்கிற பணத்தையும் ஒரு நாளிதழ் நிருபர் வெளியே கொண்டுவருகிறாள். த்ரில்லர்தான். மிரட்டல் உண்டு, இரவு பஸ் ஸ்டாண்டில் ஒரு துரத்தலும் உண்டு. ஆனால் நிர்வாகியை மாட்டிவைப்பது ஒரு பால் பில்.

அந்தப் பால் பில்லை எனக்குக் கொடுத்தவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு திருச்சிக்காரர். ஆடிட்டர் சார் என்றே வைத்துக்கொள்வோம். "திருடன் கணக்கு எழுதாம இருக்க மாட்டாம்மா. எழுதினாத்தான அடுத்த தவணை வரும்?" என்றுதான் பாடத்தைத் தொடங்கினார். காப்பகத்துக்குப் பராமரிப்பு மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய். ஆகவே திருட்டும் தலை எண்ணிக்கையில்தான் தொடங்கும். வருகைப் பதிவேட்டில் ஐம்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஐம்பது பேருக்கு அரிசி வாங்கியதாக வவுச்சரும் இருக்கும். கேஸ் சிலிண்டர் மட்டும் முப்பது பேருக்குச் சமைக்கிற அளவுக்குத்தான் வந்திருக்கும். பொய்க்கணக்கு எழுதுகிறவன் அரிசியை மறக்க மாட்டான், அடுப்பை மறந்துவிடுவான் என்பது அவர் அனுபவம்.

பதிவேட்டைப் படிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அன்றாடம் எழுதிய ஏட்டில் பேனா மாறும், எழுதுகிறவர் லீவு போட்டால் கையெழுத்து மாறும், ஓரத்தில் எண்ணெய்க் கறை படியும். ஆய்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து எழுதிய ஏடு கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருக்கும். என் கதையில் பிள்ளைகளில் பாதிப் பேர் கோடை விடுமுறைக்கு உறவினர் வீடு போய்விட்ட மே மாதத்திலும் பால் பில்லில் ஒரு லிட்டர்கூடக் குறையாது. அந்த யோசனை முழுக்க சாருடையது. எனக்கு வாக்கியம் மட்டும்தான் சொந்தம்.

அடுத்து வக்கீல் அக்கா. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "உன் கதாநாயகியை உள்ளே தள்ளிடலாமா?" விஷயம் இதுதான். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை. இதில் நிருபருக்குச் சலுகை எதுவும் இல்லை; பிரிவு 20 ஊடகத்தைக் குறிப்பிட்டே பேசுகிறது. ஆதாரம் சேரட்டும், ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வெடிக்கலாம் என்று ஒரு நிருபர் செய்தியைப் பொத்தி வைத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் சொன்னால் அடுத்த அரைமணியில் நிர்வாகிக்குத் தகவல் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். நாவலின் நடுப்பகுதி மொத்தமும் இந்த இக்கட்டில்தான் நிற்கிறது. சட்டம் கதையைக் கெடுக்கும் என்று நினைக்கிற எழுத்தாளர்களுக்கு இந்த அக்காவின் தொலைபேசி எண்ணைக் கொடுக்க ஆசை. அவர் சம்மதிக்க மாட்டார்.

பிள்ளைகளின் பெயர், முகம், பள்ளி, ஊர் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்கிற போக்சோ பிரிவு 23-ஐயும் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ஐயும் அவர்தான் விளக்கினார். நாவலில் அச்சாகும் செய்தியில் ஒரு சிறுமிக்கும் பெயர் இல்லாததற்குக் காரணம் அது.

வில்லனே பத்திரிகை முதலாளி என்பது சினிமாத்தனமாக இருக்கிறது என்று முதலில் படித்த நண்பர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். பாட்னாவில் பல வருடம் வேலை பார்த்த ஒரு தமிழ் நண்பர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர்தான் இந்திப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களைத் தேடி எடுத்து எனக்கு வரிவரியாகச் சொன்னவர். பீகாரில் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான முசாஃபர்பூர் காப்பகத்தை நடத்திய அமைப்பின் பின்னால் இருந்த பிரஜேஷ் தாக்கூர் 'பிராத கமல்' என்ற நாளிதழின் உரிமையாளர். காப்பகமும் பத்திரிகை அலுவலகமும் ஒரே வளாகம். அச்சாவது சில நூறு பிரதிகள், கணக்கில் பல்லாயிரம், அதைக் காட்டி அரசு விளம்பரம் என்று காவல்துறையே பின்னால் சொன்னது. என் வில்லன் அவ்வளவு துணிந்தவன் இல்லை.

அந்தக் கொடுமை வெளியே வந்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு பீகார் முழுவதும் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்து 2018-இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையின் மேல்தான் 2018 மே 31 அன்று முதல் தகவல் அறிக்கை பதிவானது. ரகசிய கேமராவோ மாறுவேடமோ அங்கே இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, கேட்டதை எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். புலன்விசாரணை பற்றி எதையும் எழுதக் கூடாது என்று ஆகஸ்ட் 23-இல் பாட்னா உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, நிவேதிதா ஜா என்கிற பத்திரிகையாளர் உச்சநீதிமன்றம் போனார். செப்டம்பர் 20-இல் அந்த ஒட்டுமொத்தத் தடை விலகியது. 2020 ஜனவரியில் டெல்லி சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. பிப்ரவரியில் தாக்கூருக்கு ஆயுள் முழுக்கச் சிறை. இவர்களில் யாரையும் நான் சந்தித்ததில்லை. சந்திக்காதவர்களுக்கும் நன்றி சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு, அது பெருமைப்படுகிற பங்கு இல்லை. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இருந்து 2007-இல் ஒரு வழக்கு பிறந்தது. பத்து வருடம் கழித்து, 2017 மே 5 அன்று, உச்சநீதிமன்றத்தில் நீதிபதி மதன் லோகூர் அமர்வு தீர்ப்புச் சொன்னது: நாட்டில் உள்ள எல்லாக் காப்பகங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். என் நிருபர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பது இந்தத் தீர்ப்பின் ஒரு பக்கம்தான்.

பாஸ்டன் கதையைச் சொன்னவர் ஒரு கல்லூரி நூலகர். 2002 ஜனவரி 6 அன்று 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் ஸ்பாட்லைட் குழு கத்தோலிக்கப் பாதிரியார்கள் குழந்தைகளுக்கு இழைத்த பாலியல் குற்றங்களை மறைமாவட்டம் மூடி மறைத்ததைப் பற்றி எழுதத் தொடங்கியது. அந்தக் குழு நம்பிய ஆயுதம் மறைமாவட்டமே வருடாவருடம் அச்சிட்ட கையேடு. புகார் வந்த பாதிரியார் பெயருக்கு எதிரே 'உடல்நல விடுப்பு' என்றோ வேறு மங்கலான குறிப்போ இருக்கும். வருடங்களை வரிசையாக அடுக்கினால் மறைத்தவர்களே தங்கள் கையால் எழுதிய பட்டியல் கிடைத்துவிடும். அந்த டிசம்பரில் பாஸ்டன் பேராயர் கார்டினல் லா பதவி விலகினார். நூலகர் இதைச் சொல்லி முடித்துவிட்டு, "பழைய டைரக்டரியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீங்கன்னு நான் ஏன் கத்துறேன்னு இப்பப் புரியுதா?" என்றார். கையேடு நாவலில் கண்காணிப்பாளர்களின் பணிமாறுதல் ஆணைகளாக மாறியிருக்கிறது.

பகுதிநேர நிருபர்களாக இருக்கிற மூன்று தம்பிகளுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் கோபமும் வருகிறது, அவர்கள் மேல் இல்லை. மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். தீபாவளி மலருக்கு அரைப் பக்க விளம்பரம் தருகிற காப்பகத்தைப் பற்றி அதே நிருபர்தான் செய்தியும் எழுத வேண்டும். நேர்மையான நிருபர், விலைபோன நிருபர் என்று எளிதாகப் பிரிக்கிறவர்கள் இவர்களோடு ஒரு மாதம் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கட்டும். ஆர்டிஐ மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, முப்பது நாள் காத்திருந்து, "தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்ற பதிலைச் சிரித்தபடி வாங்கி, அன்றைக்கே மேல்முறையீடு எழுதுகிற பொறுமையை அவர்களிடம்தான் பார்த்தேன்.

காப்பகங்களில் வளர்ந்து இன்று வேலைக்குப் போகிற சில பெண்கள் என்னோடு பேசினார்கள். அவர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்களில் ஒருவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அதை எழுதாதீங்கக்கா. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் வந்து முதல்ல இருந்து சொல்லச் சொன்னாங்கல்ல, அதை எழுதுங்க." நாவலில் கொடுமையைக் காட்டும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஒரே கேள்வியை வெவ்வேறு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஒரு அத்தியாயம் முழுக்க வருகிறார்கள். விற்பனைக்கு இது ஆகாது என்று ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது. வெளியிட முன்வந்தவர்களுக்கு அதனால் கூடுதல் நன்றி.

பிரதிகள் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கூரியரில் வரும். ஆடிட்டர் சாருக்கு இரண்டு. ஒன்று படிக்க; இன்னொன்றில் எப்படியும் சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவார், அதற்கு நான் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கதாசிரியை