கடைசிச் சம்பா என்றீர்களே, அப்பா

நாகவோகா, ஜப்பான்
5-11-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

தீபாவளி அன்று போனில் பேசும்போது, "இந்தச் சம்பாதான் கடைசி. தை அறுப்பு முடிந்ததும் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றீர்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேட்டூர் இந்த வருடம் ஜூலை 28இல்தான் திறந்தது, குறுவை கைவிட்டுப் போனது, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் ஞாயிறும் திங்களும் இங்கே விடுமுறை வந்தது. மலைப்பக்கம் போய்விட்டு நேற்று இரவுதான் திரும்பினேன். அங்கே பார்த்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு அக்கா இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவருடைய அம்மா வீடு தோகாமாச்சி மலைக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. அவர் காரில்தான் போனோம். இப்போது இங்கே இலையுதிர் காலம். நம் ஊரில் மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது வாசல் முழுக்க மஞ்சளாகக் கிடக்குமே, அதை ஒரு மலைத்தொடர் முழுவதும் நினைத்துப் பாருங்கள். நிறம் மலை உச்சியில்தான் தொடங்குகிறது. குளிர் இறங்க இறங்க அதுவும் நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் ஊருக்குள் வந்துவிடுகிறது. மஞ்சள் நிறம் எப்போதும் இலைக்குள்ளேயே இருப்பதுதானாம். பச்சையம் அழிந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. நல்ல வெயில் அடித்து, இரவில் குளிரும் நாட்களில், இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அது புதிதாக உண்டாகிறது. உதிரப் போகும் நேரத்தில் ஒரு இலை புது நிறம் செய்துகொள்கிறது என்று அறிந்ததும் வண்டியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பகுதிக்கு எச்சிகோ சுமாரி என்று பெயர். தோகாமாச்சி நகரமும் சுனான் ஊரும் சேர்ந்த 760 சதுர கிலோமீட்டர். அண்ணன் இருக்கும் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் பெரியது. இங்கே பனி பெய்வதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2022 பிப்ரவரியில் சுனானில் நான்கு மீட்டருக்கு மேல் பனி நின்றது. நம் வீட்டு ஓட்டுக்கூரை மறைந்துபோகும் உயரம். இப்படிப்பட்ட இடத்தில் மலையை வெட்டி, படிப்படியாக வயல் கட்டி, நூற்றாண்டுகளாக நெல் விளைவித்திருக்கிறார்கள். பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வயல்களில் புதர் ஏறியது.

அந்த நேரத்தில்தான், இதே நீகாதா மாநிலத்தில் பிறந்த ஃபுராம் கிதாகாவா என்பவர் ஒரு கலைவிழாவைத் தொடங்கினார். 2000இல் நடந்தது முதல் விழா. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு. கொரோனாவால் ஒன்று தள்ளிப்போய் 2022இல் நடந்தது. இந்த ஆண்டு விழா ஜூலை 13இல் தொடங்கி, வரும் 10ஆம் தேதி முடிகிறது. படைப்புகளை ஒரே கட்டடத்தில் குவித்து வைக்கவில்லை. வயல் நடுவிலும், காலி வீட்டிலும், மூடிய பள்ளியிலும், குகைப்பாதையிலும் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ஊர் ஊராகக் கடந்துதான் போக வேண்டும். வழியில் யாரோ ஒரு பாட்டி முள்ளங்கி கழுவிக்கொண்டிருப்பார். காய்த்த காகி (பெர்சிமன்) பழங்களைத் தோல் சீவி, கயிற்றில் கோத்து, கூரையடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அதையெல்லாம் பார்க்க வைப்பதற்காகவேதான் இப்படிப் பரப்பி வைத்தார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

முதலில் கியோட்சு பள்ளத்தாக்குக்குப் போனோம். ஆற்றின் இருபுறமும் பாறைகள், யாரோ செதுக்கி அடுக்கிய தூண்கள் போல நிற்கின்றன. உருகிய பாறை ஆறிச் சுருங்கும்போது விழுந்த வெடிப்புகளாம் அவை. அந்தப் பாறை இடுக்குகளில் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். முன்பு ஆற்றோரமாகவே நடைபாதை இருந்திருக்கிறது. 1988இல் பாறை விழுந்து ஒருவர் இறந்ததும் அதை மூடிவிட்டு, மலைக்குள் 750 மீட்டர் நீளத்துக்குக் குகைப்பாதை வெட்டி 1996இல் திறந்தார்கள். 2018இல் சீனாவைச் சேர்ந்த மா யான்சோங் என்ற கட்டடக் கலைஞரின் குழு, அந்தக் குகையையே ஒரு கலைப்படைப்பாக மாற்றியது. குகையின் கடைசியில் தரையில் மெல்லிதாகத் தண்ணீர் நிற்கிறது. வெளியே அரைவட்டமாகத் தெரியும் பள்ளத்தாக்கு, தண்ணீரில் விழுந்து முழுவட்டம் ஆகிறது. ஓரமாகத் தண்ணீரில் கால் வைத்து நடந்தேன். குளிர் எலும்புவரை ஏறியது. கார்த்திகை விடியற்காலையில் மடை திறக்க உங்களோடு வந்தபோது காலில் ஏறிய குளிர்தான் நினைவுக்கு வந்தது.

மதியம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோகாமாச்சி நெசவு ஊர். கிமோனோ பட்டுக்குப் பேர்போனது. கும்பகோணம் பக்கம் பாவுக்குக் கஞ்சி போடுவார்களே, இங்கே நூலுக்கு ஃபுனோரி என்ற கடற்பாசியைக் காய்ச்சிப் போட்டிருக்கிறார்கள். அதே பாசியைக் கோதுமைக்குப் பதிலாகச் சேர்த்து, சோபா என்கிற தானியத்தின் (பக்வீட்) மாவைப் பிசைந்து நூடுல்ஸ் செய்கிறார்கள். ஹெகி என்கிற மரத்தட்டில் சின்னச் சின்னச் சுருளாக, நூல்கண்டு மாதிரியே அடுக்கி வருகிறது. தறிக்குப் போட்டதையே தட்டிலும் போட்ட ஊர். எனக்கு அந்தச் சாப்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்மாவுக்கு ஒரு செய்தி. இந்த மலையில், மூடிப்போன ஒரு பள்ளிக் கட்டடத்தில், 1982 முதல் மிதிலா ஓவியங்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பீகாரில் பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரைவார்களே, அந்த ஓவியம்தான். கங்கா தேவி என்ற பெரிய ஓவியர் இங்கே வந்து தங்கி வரைந்திருக்கிறார். மகாராஷ்டிரத்து வார்லி ஓவியங்களும் இருக்கின்றன. மண்நிறத் துணியில் அரிசி மாவுக் குழைவால் வரைந்தவை. ஜப்பான் மலைக்காட்டில் அரிசி மாவுக் கோடுகளைப் பார்த்ததும் நம் வாசல் கோலம்தான் கண்முன் நின்றது.

சாயங்காலம் பிஜின்பயாஷி போனோம். 'அழகியர் காடு' என்று அர்த்தம். சுமார் நூறு வருடத்துக்கு முன் கரிக்காக இந்தக் காட்டை மொட்டையாக வெட்டிவிட்டார்கள். அப்படியே விட்டுவைத்ததில் பீச் (beech) என்கிற காட்டுமரத்தின் கன்றுகள் ஒரே நேரத்தில் முளைத்து, ஒன்றோடொன்று போட்டி போட்டு, ஒல்லியாக, நேராக, ஒரே உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. அடர்த்தியாக விதைத்த நாற்றங்கால் மாதிரி ஒரு காடு. இலைகள் செம்புநிறமாக மாறியிருந்தன. காற்றடித்தால் கொட்டும் சத்தம் தூறல் போலக் கேட்கிறது. மழை வருகிறதோ என்று இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தேன்.

ஹாச்சி என்ற குக்கிராமத்தில் ஒரு பள்ளியையும் பார்த்தோம். 2005இல் மூடியது. கடைசியாகப் படித்தவர்கள் மூன்றே பிள்ளைகள். தாஷிமா செய்சோ என்ற படக்கதை ஓவியர், அந்த மூன்று பிள்ளைகளையே பாத்திரங்களாக்கி, கடலில் ஒதுங்கிய கட்டைகளுக்கும் காய்களுக்கும் வண்ணம் தீட்டி, வகுப்பறை முழுக்க உருவங்களைப் பறக்க விட்டிருக்கிறார். நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் அப்பா? அடுத்த தடவை பேசும்போது சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட, உங்களிடம் நான் சொல்ல வந்தது மத்சுதாய் என்ற இடத்தைப் பற்றித்தான்.

அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே வெள்ளையாக ஒரு கட்டடம் நிற்கிறது. அதன் பெயருக்கு 'உழவு மேடை' என்று அர்த்தம். அதன் பார்வைமாடத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால், ஆற்றுக்கு அக்கரையில் மலைச்சரிவில் படிவயல்கள். அந்த வயல்களில் ஆளுருவங்கள், நீலத்திலும் மஞ்சளிலும், வெட்டி நிறுத்திய நிழல்கள் மாதிரி. உழவு, விதைப்பு, நடவு, களை, அறுப்பு என்று, கையால் செய்த பழைய வேலைகள் அத்தனையும் படிப்படியாக மலை ஏறுகின்றன. கண்ணுக்கு முன்னால் எழுத்துகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தும் அதற்குப் பின்னால் தெரியும் வயலும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. நெல் வேலையை வரிசையாகச் சொல்லும் ஒரு கவிதை அது. அக்கா எனக்கு வாசித்துச் சொன்னார். செய்தவர்கள் இலியா கபகோவ், எமிலியா கபகோவ் தம்பதி. சோவியத் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள்; இலியா போன வருடம் காலமாகிவிட்டார். அது 2000இல், முதல் விழாவுக்குச் செய்தது.

அந்த வயலின் சொந்தக்காரர் முதலில் சம்மதிக்கவில்லையாம். முன்னோர்கள் காத்துத் தந்த நிலத்தில் வேறு ஏதோ ஒன்றை நட்டு வைப்பதா என்று. அதோடு, உடம்பு ஒத்துழைக்காமல் விவசாயத்தையே நிறுத்திவிட முடிவு செய்திருந்தவர் அவர். ஆனால் இது இந்த மண்ணில் உழைத்தவர்களைப் பற்றித்தான் என்று புரிந்ததும் இடம் கொடுத்தார். நிறுத்தப் போவதாகச் சொன்னவர், மேலும் சில ஆண்டுகள் அந்த உருவங்களுக்கு நடுவே நின்று பயிர் செய்தார். அவரால் முடியாமல் போன பிறகு, அந்த உழவு மேடைக்காரர்கள் வயலைப் பொறுப்பேற்றுச் செய்கிறார்கள்.

அப்பா, நான் அங்கே வெகுநேரம் நின்றேன். நடவுக் கோலத்தில் குனிந்த உருவம் பெரியம்மா மாதிரி இருந்தது. கதிர்க்கட்டுத் தூக்கி நடப்பது நீங்கள்தான். நீங்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை, ஒரு மலைமேல் நிறுத்தி, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. உங்களைக் கூட்டி வந்து அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். கைவிடப்பட்ட படிவயல்களைத் தொடர்ந்து பயிரிட இங்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நகரத்தில் இருப்பவர்கள் பணம் கட்டி ஒரு வயலுக்கு வளர்ப்புப் பெற்றோர் ஆகிறார்கள். விளைந்த அரிசி அவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். வயலில் இறங்குபவர்களில் ஒரு பெண்கள் கால்பந்து அணியும் உண்டு. 2015இல் தொடங்கிய அணி. வெளியூர்ப் பெண்கள் இங்கேயே குடிவந்து, கால்பந்து ஆடிக்கொண்டே நாற்று நட்டு, அறுத்து, வரப்பும் கட்டுகிறார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான் என்றில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள்.

இரவு அக்காவின் அம்மா வீட்டில் தங்கினோம். எண்பது தாண்டிய அம்மா. பனிக்காலத்துக்காக ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். புது அரிசிச் சோறு போட்டார். கோஷிஹிகாரி ரகம், நம் சோறு போல உதிரியாக இல்லாமல் ஒட்டும், ஆனால் வெறும் சோற்றையே சாப்பிடலாம் போல இனிப்பாக இருந்தது. "உன் அப்பா என்ன நெல் போடுகிறார்?" என்று கேட்டார். சி.ஆர். 1009 என்றேன். "ஏக்கருக்கு எவ்வளவு நாற்று? நாற்றுக்கு எத்தனை நாள் வயது?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் ஹோஷிதோகே என்ற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். சுமார் இருநூறு படிவயல்கள். அறுப்பு முடிந்த பிறகும் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்கள். மேட்டு வயல்களுக்கு மழையும் பனியும்தான் தண்ணீர், காயவிட்டால் வெடிப்பு விட்டு வரப்பு சரிந்துவிடும், அதனால் வசந்தகாலம் வரை தேக்கி வைப்போம் என்று அந்த அம்மா விளக்கினார். மூடுபனி மெல்ல மெல்ல விலக, ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வானம், அதன் ஓரத்தில் சிவந்த மரங்கள் தலைகீழாக.

அங்கே நின்றுதான் முடிவு செய்தேன். உங்களுக்குப் பிறகு வயலை யார் பார்ப்பது என்று பேசும்போதெல்லாம் அண்ணன் பெயரைத்தான் சொல்வீர்கள், அவன் வர மாட்டான் என்று பெருமூச்சு விடுவீர்கள். என்னிடம் நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த மூன்று ஏக்கரும் வேண்டும். நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை, அப்பா. கற்றுக்கொள்கிறேன் என்கிறேன்.

பொங்கலுக்கு முன்பே வருகிறேன். சேர்த்து வைத்த விடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறுப்பு முடியும்வரை இருப்பேன். எந்த மடையை எப்போது திறப்பது, மேலண்டை வயலில் ஏன் எப்போதும் களை அதிகம், விதைநெல்லை எப்படிப் பார்த்து எடுப்பது எல்லாம் சொல்லித் தர வேண்டும். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அதுவரை குத்தகையைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள்.

நடவு முடிந்துவிட்டதா? மழை எப்படி? வடிகால் வாய்க்காலை வெட்டிவிட்டார்களா? நாற்றுக்கு எத்தனை நாள் வயது என்று மறக்காமல் எழுதுங்கள். அந்த அம்மா பதில் கேட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்